இருபதடி டிரைவர்

டிராக்டர் என்றதும் வயல், வரப்பு, உழவு என்று பேச ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நான் பல வருஷம் டிராக்டர் ஓட்டிப் பிழைத்தவன். அதில் ஒரே ஒரு நாள்தான் உழுதிருக்கிறேன். அதுவும் நூறடி இருக்கும், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் எனக்கு டிராக்டர் என்றால் துறைமுகத்துச் சிமெண்டுத் தரை, தண்டவாளம், பின்னால் மூட்டை ஏற்றிய டிரெய்லர், மேலேயிருந்து கிரேன்காரன் விடுகிற கெட்ட வார்த்தை.

அறுபதுகளில் ஹார்பரில் ஓடியதெல்லாம் சின்ன வண்டிகள். வயலுக்கென்று செய்ததை வாங்கி வந்து கப்பலுக்கும் கோடவுனுக்கும் நடுவில் இழுக்க விட்டிருந்தார்கள். முப்பது, முப்பத்தைந்து குதிரை சக்தி. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். டயர் சில மாதத்தில் மொட்டையாகும். கழற்றி வீசிவிட்டு வேறு மாட்டுவார்கள். ஒரு டயர் வயசாகிச் சாவதை ஹார்பரில் யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். ராயபுரத்தில் எங்கள் வீடு என்பது ஒன்றரை அறை. அதில் அப்பா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் மூன்று பேர். எங்களுக்கென்று கட்டிய திரை ஒரு பழைய புடவை. நாலு மாதம் அதற்குப் பின்னால் மூச்சு விடப் பயந்து படுத்திருந்தோம். பிறகு என் பெண்டாட்டி திருவொற்றியூரில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. அவள் வேலை பார்த்த தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். அங்கே அவளுக்கு நிரந்தர வேலை. எனக்குத்தான் நிரந்தரம் கிடையாது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வெற்றிலைக் கடை வாசல். தனியாக ஒரு அறை எடுக்கலாம் என்று போய்க் கேட்ட இடத்திலெல்லாம், "நிரந்தரமா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

கப்பல் சரக்கை எடுத்து அனுப்பும் ஒரு கம்பெனியின் ஆள் ஒருநாள் ஹார்பர் கேட்டுக்கு வந்தான். டீசல் வண்டி தெரிந்த, குடிக்காத ஒருவன் வேண்டும் என்றான். என்னோடு ஓட்டிக்கொண்டிருந்தவன் என்னைக் கை காட்டினான்.

"இவன் ஒர்த்தன்தான் கீறான் சார். குடிக்க மாட்டான். பேசவும் மாட்டான். ஒரே பேஜாரு. இட்டுனு போனீங்கன்னா எங்களுக்கும் புண்ணியம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் போனேன்.

எண்ணூர் போகிற சாலையில் கடலை ஒட்டி அந்தக் கம்பெனிக்கு ஒரு யார்டு இருந்தது. மூன்று பக்கம் மதில். நாலாவது பக்கம் கம்பி வேலி, அதற்கப்பால் பாறாங்கல், பிறகு கடல். உள்ளே ஆள் உயரத்துக்கு மரப்பெட்டிகள். யாரோ வரவழைத்து, யாரோ எடுக்காமல் விட்ட சரக்கு. பெட்டிகளுக்கும் தெற்கு மதிலுக்கும் நடுவில் அது நின்றது.

நான் அதுவரை அப்படி ஒரு டிராக்டரைப் பார்த்ததில்லை. பின்சக்கரம் என் தலைக்கு மேலே இருந்தது. மஞ்சள் நிறம். ஆறு சிலிண்டர். நூற்று இருபது குதிரை சக்தி என்று பக்கத்தில் நின்ற கிளார்க் சொன்னார். அமெரிக்காவில் மைல் கணக்கில் வயல் வைத்திருப்பவர்களுக்குச் செய்த வண்டியாம். மூக்குக்கு முன்னால் பெட்டி பெட்டியாக இரும்புக் கட்டிகள் தொங்கின. கப்பலில் ஆடாமல் இருக்க மாட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது, கழற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பின்னால் இழுக்கிற வேகத்தில் முன்பக்கம் தூக்காமல் இருக்கத்தான் அந்த எடை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவ்வளவு இழுவை.

அந்த யார்டுக்கு அந்தக் கிளார்க்தான் எல்லாம். காலையில் வந்து தன் அறையில் உட்காருவார். சாயங்காலம் பஸ் பிடித்துப் போவார். வண்டியின் கதையை அவர்தான் சொன்னார். தெற்கே ஒரு பெரிய விதைப் பண்ணைக்காக வந்தது. ஏதோ ஒரு பேப்பர் குறைகிறது. அது வரும்வரை இந்த யார்டை விட்டுச் சக்கரம் வெளியே போகக்கூடாது. கடல் காற்றில் சும்மா நின்றால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அதனால் தினமும் ஸ்டார்ட் செய்து, சூடாக்கி, கொஞ்சம் நகர்த்தி நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. இங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும்.

"எத்தினி நாளைக்கு சார்?"

"ஒரு மாசம், ரெண்டு மாசம். பேப்பர் வந்ததும் வண்டி பண்ணைக்குப் போகும். வண்டியோட டிரைவரும் போவான். அவங்களே எழுதியிருக்காங்க. நிரந்தரப் போஸ்ட். குவார்ட்டர்ஸ் உண்டு. ரெண்டு ரூமு, தனியா சமையல்கட்டு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அவள் யார்டு கேட்டுக்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரெண்டு ரூமுன்ற. நடுவுல கதவு இருக்குமா?"

"இருக்கும்."

"தாப்பா போடற கதவா?"

"குவார்ட்டர்ஸ்னா கதவு இல்லாமயா கட்டுவான்?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை. மறுநாள் கிளார்க்கிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

வேலை இதுதான். காலையில் எழுந்ததும் ஆயில் கம்பியை உருவிப் பார்ப்பேன். ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பேன். சாவியைத் திருப்பினால் மூன்று மூச்சு சரியாக விடும். நாலாவதில் ஒரு சின்ன இருமல். பிறகு ஆறு சிலிண்டரும் சேர்ந்துகொள்ளும். நெஞ்செலும்பில் தெரியும் அந்தச் சத்தம். சூடு ஏறும்வரை உட்கார்ந்திருப்பேன். பிறகு கியர் போட்டு முன்னால் நகர்த்துவேன். இருபதடி. அதற்குமேல் மரப்பெட்டிகள். அவை வேறு வேறு பார்ட்டிகளுடையவை, தொடக்கூடாது. அங்கிருந்து பின்னால் இருபதடி. பின்னால் மதில். நிறுத்திவிட்டு இறங்குவேன். ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பலாம், அவ்வளவு லேசு. ஆனால் திருப்ப இடம் கிடையாது.

ஒரு மாதம் என்றார். ஒரு வருஷம் ஆயிற்று. இன்னொரு வருஷமும் பாதிக்குமேல் ஓடிற்று. பேப்பர் ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது. பேப்பருக்கு இருபதடி கணக்கு இல்லை.

நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா மீன் கூடையோடு அந்தப் பக்கம் வருவாள். திருவொற்றியூரில் விற்றுவிட்டுத் திரும்பும்போது கேட்டோரம் கூடையை இறக்கித் தண்ணீர் கேட்பாள். வாரத்தில் மூன்று நாள் நான் வாய் திறந்தது அவளிடம்தான்.

"இன்னா அண்ணாத்த, இன்னிக்கு எம்மாந்தூரம் போய்க்கினு வந்த?"

"இருபதடி."

"போவ மட்டுமா, வர்றதும் சேத்தா?"

"போக இருபது. வர இருபது."

"அடேங்கப்பா. கால் நோவுமே. குந்து, குந்து."

அவள்தான் எனக்கு இருபதடி டிரைவர் என்று பேர் வைத்தாள். சாலையில் டீக்கடைக்காரன்வரை அது பரவியது. கேட்டில் நின்றால் பஸ்ஸிலிருந்துகூட எவனாவது, "இருபதடி, ரைட் ரைட்" என்று கத்துவான். சிரிக்கத் தெரிந்தவனுக்கு அது வேடிக்கை. எனக்குச் சிரிக்கத் தெரியாது.

தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்கிறவன் தனியாக இருந்ததில்லை. நான் வண்டியோடு பேசினேன் என்று நினைக்காதீர்கள். பேசவில்லை. அது இரும்பு. காலையில் அரைமணி நேரம் அது சத்தம் போடும். நிறுத்தியதும் கடல் சத்தம் போடும். மிச்ச நேரமெல்லாம் என் வாயில் எச்சில் ஊறி ஊறி வற்றும். சில நாள் கிளார்க் வந்து, "என்னய்யா" என்றால் பதில் சொல்லத் தொண்டை திறக்காது. கனைத்துவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கும். பண்டிகைக்குக் கோயில் பக்கம் போக முடியாது. அண்ணன் பையனுக்குப் புதுநன்மை, சாமியார் கையால் முதல் அப்பம், கொடுத்தார்கள். போகவில்லை. அண்ணி அனுப்பிய பலகாரம் நான்கு நாள் கழித்து வந்து சேர்ந்தது. அதன் பிறகு அனுப்பவில்லை.

என் பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை வருவாள். எல்லா ஞாயிறும் இல்லை. பெட்டிகளின் நிழலில் உட்காருவோம். கிளார்க் அன்று வரமாட்டார் என்றாலும் யாரோ பார்க்கிற மாதிரியே இருக்கும்.

"வண்டி பேப்பர் வந்துச்சா?"

"இல்ல."

"வண்டிக்கு ஒரு பேப்பரு இல்ல. அத்தால அது நவுர மாட்டேங்குது. நமக்குக் கோயில்ல குடுத்த கல்யாணப் பேப்பர் கீதே. நாம மட்டும் எங்க நவுந்தோம்?"

அவள் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கடற்கரையில் உப்பு காற்றிலேயே இருக்கும். துடைத்து வைத்த நட்டு ஒரு வாரத்தில் சிவந்துவிடும். சைலன்சர் குழாயில் துரு பொரிப் பொரியாகக் கிளம்பியது. கிரீஸ் கேட்டேன். கிளார்க் ஒரு டப்பா கொடுத்தார். அது தீர்ந்ததும் இன்னொன்று கேட்டேன். "தின்றியா?" என்றார். துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். துடைத்த இடம் இன்னும் சீக்கிரம் சிவந்தது. வண்டி துருப்பிடித்தால் பண்ணைக்காரன் வேண்டாம் என்பான். அவன் வேண்டாம் என்றால் போஸ்ட் இல்லை, குவார்ட்டர்ஸ் இல்லை, கதவு இல்லை. எனக்கு அது மட்டும்தான் புத்தியில் இருந்தது.

மீன்காரம்மாவிடம் அதைப் பற்றிப் புலம்பினேன் போலிருக்கிறது.

"இதுக்கா மூஞ்சிய தூக்கினு கீற? எங்க ஆளு படகுக்கு இன்னா பூசறாரு? சுறா எண்ணெ. தண்ணிலயே கெடக்குது, ஒண்ணும் ஆவல. ஒரு டின்னு இட்டாந்து தர்றேன். மேல கீழ வுடாம பூசு. உப்பு கிட்ட அண்டாது."

கொண்டுவந்தாள். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. பூசிய இடத்தில் உப்பு அண்டவில்லை. ஒரு வாரம் கழித்துத் துடைத்துப் பார்த்தேன், இரும்பு இரும்பாக இருந்தது. சந்தோஷப்பட்டேன். மேல் கீழ் விடாமல் என்றாளே. நான் மேல் கீழ் விடவில்லை. அச்சு, பம்பர், போல்ட்டு, சீட்டுக்கு அடியில், எல்லாம் பூசினேன். டயர்களும் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. அவற்றுக்கும் பூசினேன். பூசியதும் கன்னங்கரேலென்று புதுசு மாதிரி மின்னின. படகுக்காரன் சொன்ன வழி. ஹார்பர்க்காரன் கை. ரப்பரைப் பற்றி இரண்டு பேருக்கும் எதுவும் தெரியாது.

ஒரு ஞாயிறு நான் பூசிக்கொண்டிருந்தபோது என் பெண்டாட்டி வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாயா இது கருவாட்டுக் கொழம்பு?"

"துரு புடிக்காம இருக்க."

"ஒரு ஆளா எத்தினி நேரம் பூசுவ? நவுரு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு துணியை எடுத்தாள். இடது பின்சக்கரம் அவளுக்கு. வலது எனக்கு. சக்கரம் எங்கள் உயரத்துக்கு மேல் என்பதால் எனக்கு அவள் தெரியவில்லை, அவளுக்கு நான் தெரியவில்லை. நடுவில் வண்டி. ஆனால் பேசிக்கொண்டே பூசினோம். தொழிற்சாலையில் யார் யாரைத் திட்டினார்கள் என்று சொன்னாள். அக்கா புருஷன் குறட்டை விடுவதை வாயால் செய்து காட்டினாள். குவார்ட்டர்ஸில் சமையல்கட்டு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று சொன்னாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் சக்கரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, "அட, சிரிக்கிறான்" என்றாள்.

அதற்குப் பிறகு வருகிற ஞாயிறெல்லாம் அது வழக்கமாகிவிட்டது. முதலில் நான் வண்டியை ஸ்டார்ட் செய்வேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு இருபதடி கூடவே நடந்து வருவாள், இருபதடி கூடவே திரும்புவாள். பிறகு ஆளுக்கொரு சக்கரம். திரும்பிப் போகும்போது அவள் கை நாறும். அக்கா வீட்டில் திட்டு வாங்கியதாகச் சொன்னாள். என் கல்யாண வாழ்க்கையில் நான் நன்றாக இருந்தேன் என்று சொல்லக்கூடிய நாட்கள் அவைதான். வேறு இல்லை.

பேப்பர் வந்தது. ஒரு நாள் கிளார்க் சாதாரணமாகச் சொன்னார். அடுத்த வாரம் பண்ணையிலிருந்து இஞ்சினியர் வருகிறார், கலப்பையைக் கொண்டு வருகிறார், ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் ரயிலில் ஏற்றிவிடுவார்கள், நீயும் கிளம்பத் தயாராக இரு என்றார். நான் யார்டைப் பூட்டிவிட்டுத் திருவொற்றியூருக்கு ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன். தொழிற்சாலை விடும் நேரம். வாசலில் அவளைப் பிடித்தேன்.

"வேலைய உட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடு" என்றேன்.

"வண்டி ரயில் ஏறட்டுமே. ஏறினப்புறம் எழுதிக் குடுக்கறேன்."

"பேப்பரே வந்துடுச்சி. இன்னும் இன்னா?"

"இது நிரந்தர வேலைய்யா. ஒரு வாட்டி உட்டா திரும்பத் தர மாட்டாங்க. வாசல்ல எத்தினி பொண்ணுங்க நிக்கிது பாரு."

"என்மேல நம்பிக்கை இல்லன்னா இங்கேயே இரு. நான் மட்டும் போறேன்."

அப்படிச் சொன்னேன். ஒன்றரை வருஷத்துக்குமேல் காத்திருந்தவளிடம் அப்படிச் சொன்னேன். என் வாய் அப்படி. மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இஞ்சினியர் வந்த அன்று அவளும் வந்தாள். அக்காவிடம் கடன் வாங்கிய ஒரு தகரப் பெட்டியோடு. மீன்காரம்மாவும் கூடையை இறக்கிவிட்டு நின்றாள். வடக்கு மதிலுக்கு வெளியே சவுக்கு வெட்டிய காலி நிலம் இருந்தது. கிளார்க் ஆள் வைத்துப் பெட்டிகளை நகர்த்தி வழிவிட்டார். முதல் முறையாகக் கேட்டைத் தாண்டி வண்டியை வெளியே எடுத்தேன்.

"அண்ணாத்த இருபதடி தாண்டிட்டாருடியோ" என்றாள் மீன்காரம்மா. என் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இஞ்சினியர் மரியாதையான மனிதர். ஐந்து கொழு வைத்த கலப்பையைப் பின்னால் மாட்டச் சொன்னார். நான் உழுததில்லை என்று சொன்னேன். "அதனால என்னங்க, நேராப் போங்க, நான் சொல்றப்ப இறக்குங்க" என்றார். கியர் போட்டேன். கலப்பையை இறக்கினேன். வண்டி ஒரு முறை முக்கியது. பிறகு மூக்கைத் தரையில் பதித்து இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். மண் ஐந்து வரிசையாகப் புரண்டு வந்துகொண்டிருந்தது. மேலே மணல், அடியில் கறுப்பு. ஹார்பரில் நான் இழுத்ததெல்லாம் என் பின்னால் சும்மா உருண்டு வரும். இது அப்படியில்லை. நான் போன இடம் மாறிக்கொண்டே வந்தது. அவள் எங்கோ பின்னால் சின்னதாகத் தெரிந்தாள். கையை ஆட்டினாள்.

அப்போது இடது பின்சக்கரம் வெடித்தது.

துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றது. இறங்கிப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. இஞ்சினியர் வந்து குனிந்தார். கிழிசல் ஓரத்தை விரலால் அழுத்தினார். ரப்பர் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, வெல்லப்பாகு மாதிரி. விரலை முகர்ந்தார். எழுந்து வலது சக்கரத்துக்குப் போனார். பேனாக்கத்தியால் லேசாகக் கீறினார். அதுவும் அதேதான்.

"இதுல என்னங்க தடவுனீங்க?"

"மீன் எண்ணெ சார். துருவுக்கு."

"டயருக்கா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "எண்ணெய் பட்டா ரப்பர் ஊறிப் போயிடுமே" என்று மட்டும் சொன்னார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, "எஞ்சினை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கிளார்க்கின் அறைக்குப் போனோம். இஞ்சினியர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"ரப்பர்ல எண்ணெய் படக்கூடாதுன்னு புக்குல தெளிவாப் போட்டிருக்கே."

"எந்தப் புக்கு சார்?"

"வண்டியோட வந்த புக்கு."

"அது எங்க சார் கீது?"

அவர் மேஜை டிராயரைத் திறந்து எடுத்து வைத்தார். வழுவழுப்பான அட்டை. மேலே அந்த வண்டியின் படம். பிரித்துக்கூடப் பார்க்காத புத்தகம். அவ்வளவு காலமும் என் தலைமாட்டிலிருந்து முப்பது தப்படி தூரத்தில், பூட்டிய டிராயரில் இருந்திருக்கிறது.

"ஏன் சார் தரல?"

"இங்கிலீஷ்ல இருக்குய்யா. உனக்கு என்ன புரியும்?"

எனக்குப் புரியாதுதான். அவருக்குப் புரியும். படித்துச் சொல்ல அவருக்கு வாய் இருந்தது. நாற்றத்துக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு என் வண்டியைத் தாண்டிப் போகும்போது ஒரு தடவையாவது, என்ன பூசுகிறாய் என்று கேட்டிருக்கலாம். அந்த ஆளை அன்று அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் கை துடிக்கிறது. ஆனால் பூசியது அவர் கை இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

வெளியே அவள் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாச்சி?"

"டயரு போச்சி."

"வேற போட மாட்டாங்களா?"

"இந்த சைஸு நம்ம ஊர்ல எங்கியும் கிடைக்காதாம். திரும்ப அங்கேருந்துதான் வரணுமாம். அதுக்கு ஒரு பேப்பர் வேணுமாம்."

அவள் பெட்டியிலிருந்து எழுந்தாள். "அம்மாம் பெரிய டயரு, எப்பிடி வெடிச்சிது?"

"ஃபாரின் டயரு. நம்ம வெயிலுக்குத் தாங்கல."

அவள் தலையை ஆட்டினாள். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் அக்கா வீட்டில் விட்டேன்.

பண்ணைக்காரர்கள் காத்திருக்கவில்லை. இங்கேயே செய்கிற சின்ன வண்டிகள் இரண்டை வாங்கிக்கொண்டார்கள். அவற்றுக்கு அங்கேயே டிரைவர் இருந்தான். மஞ்சள் வண்டி ஏலத்துக்கு வந்தது. யாரோ எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு போனான். மிச்சத்தைக் கேஸ் கட்டர் வைத்து வெட்டினார்கள். அதைப் பார்க்க நான் நிற்கவில்லை. அதற்கு முன்பே என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டி நின்ற இடத்தில் இருபதடி நீளத்துக்கு இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. அதுதான் நான் அங்கே செய்த வேலை.

ஹார்பருக்குத் திரும்பிப் போனேன். அதே கேட், அதே சின்ன வண்டி. அவள் தொழிற்சாலைக்குப் போய்க் கேட்டாள். அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். பிறகு ராயபுரம் பக்கம் இறால் உரிக்கும் ஷெட்டுகள் வந்தன. அங்கே போனாள். நாள் முழுக்க ஐஸில் கை. சில வருஷம் கழித்துத் தண்டையார்பேட்டையில் ஒரு அறை கிடைத்தது. எங்களுக்கென்று ஒரு கதவு, தாழ்ப்பாளோடு. அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். திட்டியதில்லை. நான் எழுதிக் கொடு என்று சொன்னதை ஒரு நாளும் எடுத்துச் சொன்னதில்லை. எடுத்துச் சொல்லியிருந்தால் நானும் மீன் எண்ணெயைச் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை என்பதால் நானும் சொல்லவில்லை.

வேலை விட்டதும் அவளைக் கூட்டிவர ஷெட்டுக்குப் போவேன். ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தோம். வழியில் ஒரு ஐஸ் தொழிற்சாலை. கரெண்டு போயிருந்தது. உள்ளே யாரோ ஜெனரேட்டர் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார்கள். மூன்று மூச்சு சரியாக விட்டது. நாலாவதில் ஒரு சின்ன இருமல். பிறகு ஆறும் சேர்ந்துகொண்டன. தெருவே அதிர்ந்தது.

அவள் நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது நம்ம வண்டி இல்ல?"

எனக்குத் தெரியும். முதல் மூச்சிலேயே தெரியும். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அடுத்து என்ன கேட்பாள் என்பதும் தெரியும். எஞ்சின் இவ்வளவு நன்றாக ஓடுகிறதே, பிறகு ஏன் வேண்டாம் என்றார்கள் என்று கேட்பாள். டயர் என்பேன். வெயிலுக்கு எஞ்சின் தாங்கியதே, டயர் மட்டும் ஏன் தாங்கவில்லை என்பாள். வெடித்தது இடது சக்கரம். அது அவள் பூசியது. ஐஸில் வெளுத்துச் சுருங்கிய அந்த விரல்களைப் பார்த்தேன்.

"இல்ல. வேற வண்டி" என்றேன்.

"ஒனக்குத் தெரியாததா" என்றாள். மேலும் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு நடந்தாள்.

மறுநாளிலிருந்து அந்தத் தெருவை விட்டுச் சுற்றுவழியாக அவளைக் கூட்டிவந்தேன். கால் மணி நேரம் அதிகம். ஏன் இந்தப் பக்கம் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை.